பூசைக்கு வைக்காத ஸ்பேனர்

ஆயுத பூசை அன்று எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு கேள்வி தவறாமல் வரும். கருவிகளையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வாழை இலையில் வரிசையாகப் பரப்பிச் சந்தனமும் குங்குமமும் இட்டிருப்பார்கள். ஒரே ஒரு பெரிய பாக்ஸ் ஸ்பேனர் மட்டும் பொட்டில்லாமல் பெஞ்சின் மேல் என் பக்கத்தில் கிடக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் எவனாவது, கிழவன் மறந்துவிட்டான் என்று நினைத்து அதை எடுத்து இலையில் வைக்கப் போவான். "வைடா அங்கேயே" என்று நான் ஒரு சத்தம் போடுவேன்.

ஏன் என்று கேட்பார்கள். சொல்ல ஆரம்பிப்பேன். டீ வந்துவிடும், அல்லது லாரி வந்துவிடும், பாதியில் எழுந்து போய்விடுவார்கள். இந்த வருஷம், "எழுதியே குடுத்துருங்க பெரியவரே, சங்கத்து மலர்ல போட்டுருவோம்" என்கிறார்கள். காது கொடுத்துக் கேட்காதவர்கள் கண் கொடுத்துப் படிக்கப் போகிறார்களாம். சரி, எழுதுகிறேன்.

என் ஊர் பனமரத்துப்பட்டி. பதினேழு வயதில் சேலம் வந்து ஒரு பஸ் ஷெட்டில் சேர்ந்தேன். முதல் வருஷம் பஸ் கழுவினேன். இரண்டாம் வருஷம் டயர் கழற்றினேன். மூன்றாம் வருஷம் முழுக்கத் திட்டு வாங்கினேன். நான்காம் வருஷத்திலிருந்து என்னை நானே ஃபிட்டர் என்று சொல்லிக்கொண்டேன். யாரும் மறுக்கவில்லை. என் படிப்பு அவ்வளவுதான்.

ஷெட்டுக்குத் தலைமை மெக்கானிக் ஆறுமுக மேஸ்திரி. திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். ஒல்லியான மனிதர், முழங்காலைத் தாண்டாத காக்கி நிஜார், காதில் எப்போதும் ஒரு சாக்குக்கட்டி. அவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அவருடைய மரியாதை. எங்களையெல்லாம் 'டா' போட்டுத்தான் கூப்பிடுவார். மரியாதை முழுவதும் நட்டுக்கும் போல்ட்டுக்கும்தான். துருப்பிடித்து இறுகிப்போன நட்டின் மேல் ஸ்பேனரை வைத்துவிட்டு, "வாங்க... பயப்படாதீங்க... ஒரே ஒரு சுத்து வாங்க" என்று கொஞ்சுவார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். ஆனால் நாங்கள் மூன்று பேர் தொங்கியும் அசையாத நட்டு அவர் கைக்கு வந்துவிடும். அதைப் பார்த்தபின் சிரிப்பு தானாக அடங்கிவிடும்.

ஸ்டீரிங் கழற்றுவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. இப்போது புல்லர் வந்துவிட்டது. மாட்டி முறுக்கினால் ஸ்டீரிங் கையோடு வந்துவிடுகிறது. அன்றைக்கு அதெல்லாம் ஏது? முதலில் வண்டியைச் சமதரையில் பத்தடி நேராக உருட்டி நிறுத்துவார். முன் சக்கரம் நேராக நிற்கும்போது ஸ்டீரிங் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார். பாட்டரியில் ஒரு கம்பியைக் கழற்றுவார், இல்லையென்றால் நடு வேலையில் ஹாரன் அலறும். அப்புறம் ஹாரன் மூடி, அதன் கீழே ஸ்பிரிங், அதன் கீழே கம்பி என்று ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த வரிசையிலேயே ஒரு துணியில் வைப்பார். கடைசியில் நடுவிலிருக்கும் பெரிய நட்டு. அதை முழுக்கக் கழற்றக் கூடாது. இரண்டு மரை பிடித்திருக்க விட்டுவிட வேண்டும். பிறகு இரண்டு முழங்காலையும் ஸ்டீரிங்குக்குக் கீழே கொடுத்து மேலே நெம்பிக்கொண்டு, நட்டின் தலையில் பித்தளைத் துண்டை வைத்து ஒரே ஒரு தட்டு. அது கூம்பு மாதிரித் தண்டில் கவ்வி உட்கார்ந்திருக்கும். விடும்போது சொல்லிக்கொண்டு விடாது, ஒரேயடியாகப் பாயும். அந்த இரண்டு மரைதான் அதைப் பிடித்து நிறுத்தும்.

அந்த இரண்டு மரையை விடாமல் கழற்றியவன் ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். அவனுடைய முன்பல் ஒன்று இன்றுவரை கட்டுப்பல். தினமும் காலையில் நான்தான் அதைக் கழுவி மாட்டிக்கொள்கிறேன்.

ஸ்டீரிங் இளகிய பிறகு, அதை உருவி எடுப்பதற்கு முன்பே, ஒரு குறி வைப்பார். தண்டின் முகத்தில் ஒரு புள்ளி, ஸ்டீரிங்கின் நடுவளையத்தில் அதற்கு நேராக ஒரு புள்ளி. பஞ்ச் என்கிற கூரான குத்துளியால் இரும்பிலேயே குத்துவார். தண்டைச் சுற்றிப் பல் பல்லாக இருக்கும். திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் ஸ்டீரிங் கோணிக்கொண்டு நிற்கும். கோணினாலும் வண்டி ஓடும், சாதாரண டிரைவர் திட்டிக்கொண்டே ஓட்டிவிடுவான். சாதாரணமில்லாத ஒருவரிடம்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன். வண்டி ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் பட்டாளத்தில். ஷெட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. கோழி கிளறியது போன்ற எழுத்து. ராசிபுரத்திலிருந்து எஸ்தரம்மாள் என்று ஒரு டாக்டரம்மா எழுதியிருந்தார். "என் வலது மணிக்கட்டு உடைந்து கூடிவிட்டது, ஆனால் மடங்கவில்லை. கையை மாற்ற முடியாது என்று பெரிய டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஸ்டீரிங்கையாவது மாற்றிக் கொடுங்கள்" என்று இருந்தது. இடது கையால் எழுதிய கடிதம் என்பது நேரில் போன பிறகுதான் தெரிந்தது.

மேஸ்திரியும் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். டாக்டரம்மாவின் வீட்டுக்குப் பக்கத்திலேயே கல் பாவிய கொட்டகை, அதில் ஒரு பழைய அமெரிக்க கார். நாலு மாதமாக நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. அந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பிரசவம் பார்க்கப் போனவர் அவர். ஒரு கிராமத்துக் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து கை போயிற்று. டிரைவர் வைத்துக்கொள்ளலாம் என்றால் ஆள் கிடைக்கவில்லை.

"மாட்டு வண்டில போறேன். இந்த நாலு மாசத்துல ரெண்டு எடத்துக்கு லேட்டாப் போய்ச் சேர்ந்தேன்" என்றார். இரண்டு இடத்திலும் என்ன நடந்திருக்கும் என்று எனக்கே புரிந்தது.

அன்று மேஸ்திரி செய்ததை நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். அவர் காரைத் தொடவே இல்லை.

"கையக் காட்டுங்க" என்றார்.

டாக்டரம்மா தயங்கி நீட்டினார். மேஸ்திரி அதைத் தன் உள்ளங்கையில் தாங்கிப் பிடித்தார். எங்களிடம் ஒரு நாளும் வராத மெதுவான குரலில், "மெல்லத் திருப்புங்க. வலிக்கற எடத்துல சொல்லுங்க" என்றார். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற அம்மா, நிஜார் போட்ட ஒரு மெக்கானிக்கிடம் கையைக் கொடுத்துவிட்டு, "இங்க... இங்க வலிக்குது" என்று சிறுபிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவரைக் காரில் உட்கார வைத்தார். வலது கையைத் தளர்த்தி, அது தானாக எங்கே போய் விழுகிறது என்று பார்த்து ஸ்டீரிங்கில் சாக்குக்கட்டியால் கோடு போட்டார். அழித்தார். மறுபடி உட்கார வைத்தார். மறுபடி கோடு. அரை நாள் இதுதான் நடந்தது.

சிக்கல் இதுதான். அந்தக் காரில் கியர் இடது கைப் பக்கம். கியர் மாற்ற இடது கை போகும்போது ஸ்டீரிங்கைப் பிடித்திருக்க வேண்டியது வலது கை. அந்தக் கைக்குத்தான் பிடி இல்லை. அதனால் ஸ்டீரிங்கின் ஓரத்தில் ஒரு மரக் குமிழை ஆணியில் சுழலுகிற மாதிரிப் பொருத்த வேண்டும், அதன் மேல் டாக்டரம்மா உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரி முடிவு செய்தார். ஆனால் வண்டி நேராகப் போகும்போது குமிழ் சரியாக அவர் போட்ட கோட்டில் நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளினால் குமிழ் இரண்டு விரல் மேலே போகும், இல்லை கீழே போகும். அவ்வளவு தூரத்துக்கு அந்த மணிக்கட்டு வளையாது, கை நழுவிவிடும்.

பழைய ஸ்டீரிங் வெயிலில் வெடித்து, பிடித்தால் தூளாகக் கொட்டியது. ஷெட்டில் உடைசலாகக் கிடந்த அதே மாதிரிக் காரின் ஸ்டீரிங் ஒன்று மேஸ்திரிக்கு ஞாபகம் வந்தது. ராசிபுரத்தில் தறியில் ஊடை நூல் ஓட்டும் மர நாடா செய்கிற ஆசாரி ஒருவரிடம் குமிழ் கடையச் சொன்னோம். நூலறுக்காத வழவழப்பு வேண்டுமென்றால் அவரைத்தான் கேட்க வேண்டும்.

பழையதைக் கழற்ற இரண்டு நாள் ஆயிற்று. அத்தனை துரு. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தோம், வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சூடு காட்டினோம். மேஸ்திரி இரண்டு நாளும் அந்த நட்டிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். "நாலு மாசமா நின்னுக்கிட்டே இருந்தா யாருக்குத்தான் கோவம் வராது? வாங்க" என்பார். இரண்டாம் நாள் மத்தியானம் 'டக்' என்று ஒரு சத்தம். ஸ்டீரிங் எழும்பி வந்து இரண்டு மரையில் தட்டி நின்றது. என் நாக்கு தானாகக் கட்டுப்பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"குறியக் குத்திரு. நான் சேலம் போயிட்டு அந்த ஸ்டீரிங்க எடுத்துக்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போனார்.

குத்துளியை எடுத்தேன். முனை மழுங்கியிருந்தது. தீட்டக் கல் வேண்டும், கல்லைத் தேட வேண்டும். அப்புறம் குத்திக்கொள்ளலாம் என்று தண்டின் முகத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு ஸ்டீரிங்கைக் கழற்றி வைத்தேன்.

அதற்கு இரண்டாம் நாள் ஆயுத பூசை. எங்கள் தொழிலில் அதற்கு முந்தின நாள் ஒரு வெறி பிடிக்கும். எது கையில் கிடைத்தாலும் கழுவித் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டும். டாக்டரம்மா கிறிஸ்தவ வேதக்காரர்தான், ஆனாலும் "உங்க வழக்கப்படி செய்யுங்க" என்று காருக்கு மாலைகூட வாங்கிக் கொடுத்திருந்தார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பழைய ஸ்டீரிங்கைச் சும்மா மேலே சொருகிக்கொண்டு, காரைக் கிணற்றடி வரை தள்ளிப் போய்க் கழுவினேன். திருப்பித் தள்ளிக்கொண்டு வந்து கொட்டகையில் விட்டேன். எல்லாக் கருவிகளையும் தேய்த்தேன். கடைசியில் ஸ்டீரிங் தண்டு மொட்டையாக, அழுக்காக நிற்கிறதே என்று பொறுக்காமல் மண்ணெண்ணெய்த் துணியால் அதையும் தேய்த்தேன். முகம் பார்க்கலாம், அப்படி மின்னியது. அதன் உச்சியில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்தேன்.

அன்று சாயங்காலம் மேஸ்திரி புது ஸ்டீரிங்கோடு வந்தார். குமிழும் தயாராகிவிட்டது. பொருத்திப் பார்த்தோம், அழகாக உட்கார்ந்தது. "நாளைக்குப் பூச. நாளானிக்குக் காலைல மாட்டிக்கலாம்" என்றார். பூசையில் வைத்த கருவியை மறுநாள் வரை தொடக் கூடாது என்பதில் அவர் நெருப்பு. ஒரு வருஷம் பூசை இலையிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்த ஃபிட்டரைப் பளாரென்று அறைந்தவர். தொட்டால் அந்த வருஷம் முழுக்கக் கருவி கையைக் கடிக்கும் என்பார்.

பூசை அன்று காலை எட்டு மணிக்குக் கற்பூரம் காட்டினோம். பொரி கடலையை இன்னும் வாயில் போடவில்லை, ஒருவர் சைக்கிளை வாசலில் அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். வெண்ணந்தூர் நெசவாளி, பழனியப்பன் என்று பெயர். வியர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"டாக்டரம்மா இருக்கறாங்களா? எங்க ஊட்டுல அவளுக்கு நேத்துக் காலைலயிருந்து வலிங்க. கொழந்த குறுக்கால கெடக்குதாமுங்க. மருத்துவச்சி கைய விரிச்சுட்டாளுங்க" என்றார்.

டாக்டரம்மா எழுந்து உள்ளே போனார். கத்தரிகளையும் மற்றதையும் வெந்நீரில் போடச் சமையல்காரம்மாவிடம் சொல்லும் குரல் கேட்டது. வெளியே வந்து, "வண்டி பூட்டச் சொல்லுங்க" என்றார்.

"இன்னைக்கு எவனுங்க வண்டி பூட்டுவான்?" என்றார் பழனியப்பன். "வார வழில நாலு எடத்துல கேட்டுட்டனுங்க. மாட்டையும் வண்டியையும் பூசைக்கு நிறுத்தியிருக்கறாங்க."

காலைப் பஸ் போய்விட்டது. பூட்ட ஆள் கிடைத்தாலும் மாட்டு வண்டியில் மூன்று மணி நேரம். டாக்டரம்மா காரைப் பார்த்தார். ஸ்டீரிங் இல்லாமல், மாலையோடு, சந்தனப் பொட்டோடு நின்றது. மேஸ்திரியைப் பார்த்தார்.

"மேஸ்திரி, வெந்நீர் கொதிச்சு எல்லாம் எடுக்க அர மணி நேரம் ஆகும். அதுக்குள்ள முடியுமா?"

மேஸ்திரி கொட்டகைக்குள் போய்த் தண்டைக் குனிந்து பார்த்தார். சந்தனப் பொட்டை விரலால் நீக்கினார்.

"குறி எங்கடா?"

"சாக்குக்கட்டில போட்டனுங்க... பூசைக்குன்னு தொடைக்கறப்ப..." என்றேன். காரைக் கிணற்றடிக்குத் தள்ளியதில் முன் சக்கரமும் திரும்பியிருந்தது. நேர் எது என்பதற்கு அந்தக் காரில் எந்த அடையாளமும் மிச்சமில்லை. அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் தண்டின் முகத்தை இன்னொரு தரம் பார்த்தார். "நல்லாத்தான் தொடச்சிருக்கற" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை, அன்றும் இல்லை, பிறகு எந்நாளும் இல்லை. ஓர் அறை விட்டிருந்தால் நான் இதற்குள் மறந்திருப்பேன்.

சாதாரண நாளாக இருந்தால் மாட்டிவிட்டு, நேர் ரோட்டில் ஓட்டிப் பார்த்து, கோணினால் கழற்றித் திருத்தலாம். அன்று அதற்கு நேரமும் இல்லை, பெட்ரோலும் இல்லை. டாங்கியில் இருந்தது வெண்ணந்தூர் போய்த் திரும்ப மட்டும். கண்ணால் பார்த்துச் சக்கரத்தை நேராக்கவும் முடியாது. முன் சக்கரத்தில் அரை விரல் அளவு பிசகினால் போதும், மேலே ஸ்டீரிங்கில் ஒரு பல் தள்ளிவிடும்.

மேஸ்திரி திரும்பிப் பழனியப்பனைப் பார்த்தார். அந்த மனிதர் தூணைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நீங்க தறிக்காரருங்களா?"

"ஆமாங்க."

"நல்லா முறுக்கேறின நூலு ஒரு இருவது மொழம் வேணுமுங்க. இப்பவே."

பழனியப்பன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அடுத்த தெருவில் அவருடைய சொந்தக்காரர் வீட்டுத் தறி இருந்தது. ஓடிப்போய் ஒரு கண்டு நூலோடு வந்தார். அதுவும் பூசையில் வைத்திருந்ததுதான், குங்குமம் ஒட்டியிருந்தது.

நூலைப் பின் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து முன் சக்கரத்தைத் தாண்டி இழுத்துப் பிடித்தோம். பின் முனையை நானும் முன் முனையைப் பழனியப்பனும் பிடித்தோம். பின் சக்கரம் எப்போதும் திரும்பாது. அதன் முன் ஓரத்தையும் பின் ஓரத்தையும் தொட்டுக்கொண்டு போகிற நூல்தான் அந்தக் காரின் நேர். முன் சக்கரத்தின் இரண்டு ஓரமும் அந்த நூலிலிருந்து ஒரே தூரத்தில் நின்றால் சக்கரம் நேராக இருக்கிறது என்று அர்த்தம். மேஸ்திரி பழைய ஸ்டீரிங்கைச் சொருகிக்கொண்டு மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். எனக்குச் சரியாகிவிட்ட மாதிரித் தெரிந்தது.

"இல்லீங்க" என்றார் பழனியப்பன். "முன்னோரம் இன்னும் ஒரு இழை வெளிய நிக்குதுங்க."

மேஸ்திரி திருப்பினார்.

"இன்னும் அர இழைங்க... போதுமுங்க. நில்லுங்க!"

வீட்டில் பெண்டாட்டி உயிருக்குப் போராடிக்கொண்டிருக்க, அந்த மனிதரின் கை நூலைப் பிடித்ததும் நடுக்கம் நின்றிருந்தது. நாளெல்லாம் ஆயிரம் இழையை நேராக இழுத்துப் பழகிய கண். எங்கள் ஷெட்டில் அப்படி ஒரு கண் மேஸ்திரியைத் தவிர யாருக்கும் கிடையாது. மறுபக்கமும் நூலைப் பிடித்துப் பார்த்தோம். அங்கேயும் அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது.

பழையதை எடுத்துவிட்டுப் புது ஸ்டீரிங்கை மேஸ்திரி தண்டின் மேல் இறக்கினார். பல்லில் பல் உட்கார்ந்தது. நட்டைக் கையாலேயே சுற்றினார்.

"டாக்டரம்மா, வந்து உக்காருங்க. கண்ண மூடிக்கங்க. கையப் போடுங்க."

டாக்டரம்மா கண்ணை மூடி வலது கையைத் தளர்த்திப் போட்டார். உள்ளங்கை நேராகக் குமிழின் மேல் போய்க் கவிழ்ந்தது. கண்ணைத் திறந்து கையைப் பார்த்தார். இறங்கி நின்றார்.

இதுவரை ஒரு கருவியைக்கூடத் தொடவில்லை. எல்லாம் நூலும் கையும்தான். ஆனால் அந்த நட்டைக் கையால் இறுக்கிவிட்டு ஓட்ட முடியாது. மேஸ்திரி பூசை இலைக்கு முன்னால் போய் நின்றார். கை கூப்பினார்.

"உங்களுக்கு இன்னைக்கு லீவுன்னு சொல்லியிருந்தேனுங்க" என்றார், பெரிய பாக்ஸ் ஸ்பேனரைப் பார்த்து. "பொய்யாப் போச்சுங்க. ஒரு உசுரு காத்துக்கிட்டிருக்குது. வாங்க."

எடுத்தார். பொட்டைத் துடைக்கவில்லை. மூன்று சுற்றில் இறுக்கினார். குத்துளியைக் கல்லில் நாலு தேய்ப்புத் தேய்த்துத் தண்டிலும் வளையத்திலும் தானே குறி குத்தினார். கம்பி, ஸ்பிரிங், மூடி. நான் பாட்டரியை மாட்டினேன். ஹாரனை அமுக்கினார், நாலு மாதத்துக்குப் பிறகு அது தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது. சமையல்காரம்மா கத்தரிகளை வெந்நீரிலிருந்து அப்போதுதான் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீயும் போடா" என்று மேஸ்திரி என்னைப் பின் சீட்டில் தள்ளினார்.

"வழில தேவைப்பட்டா ஸ்பேனருங்க?"

"வேண்டாம். கழலாது."

நானும் பழனியப்பனும் பின்னால். டாக்டரம்மா முதல் கியரில் தெருவைத் தாண்டினார். தோள் இரண்டும் இறுகியிருந்தது. ஊர் முடிந்து ரோடு நேராகத் திறந்ததும் இரண்டாம் கியருக்காக இடது கை ஸ்டீரிங்கை விட்டது. வலது உள்ளங்கை குமிழின் மேல் அசையாமல் இருந்தது. கார் நூல் பிடித்தாற்போல் போயிற்று. அந்த அம்மா சத்தமாகச் சிரித்தார். நாலு மாதத்துச் சிரிப்பு. பிறகு மூன்றாம் கியர், அதற்கு அப்புறம் சிரிப்பில்லை. புளிய மரங்கள் பின்னால் ஓடின. அந்த வேகத்தில் அந்த ரோட்டில் நான் அதுவரை போனதில்லை. ஒரு மெக்கானிக் தன் வேலையின் மேல் உட்கார்ந்து போவது சாமி தேரில் போவது மாதிரி என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கூடவே, நான் துடைத்த துடைப்புக்கு என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பும் வந்தது.

வெண்ணந்தூரில் டாக்டரம்மா உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. உள்ளே அவர் அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியாது. பழனியப்பனும் நானும் காருக்குப் பக்கத்தில் நின்றோம். மிச்சமிருந்த நூலை அவர் விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். வெகு நேரம் கழித்து, மெலிதாக ஒரு அழுகை கேட்டது. அது யாருடைய அழுகை என்று எங்களுக்கு உடனே பிடிபடவில்லை. மறுபடி கேட்டது. பழனியப்பன் அப்படியே காரின் மட்கார்டில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

மத்தியானம் தாண்டித் திரும்பினோம். டாக்டரம்மாவின் முகம் வெளிறியிருந்தது, கை மட்டும் குமிழில் அழுத்தமாக இருந்தது. வீட்டுக்கு முன்னால் மேஸ்திரி வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கையில் அந்தப் பாக்ஸ் ஸ்பேனர். நாங்கள் போனதிலிருந்து அவர் உட்காரவே இல்லை, ஒரு வாய் பொரிகூடத் தொடவில்லை என்று சமையல்காரம்மா பிறகு சொன்னார்.

நான் இறங்கினேன். ஸ்டீரிங் எப்படி என்று கேட்பார் என்று நினைத்தேன். குமிழைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.

"அது கெடக்குது. அங்க என்னாச்சு?"

"பொண்ணுங்க. தாயும் புள்ளையும் சொகமா இருக்கறாங்க."

அவர் ஸ்பேனரை மறு கைக்கு மாற்றிப் பிடித்தார்.

"ஸ்பேனர எதுக்குங்க வெளியவே வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டேன்.

"சேதி தெரியாம உள்ள வரமாட்டேன்னுட்டாங்கடா" என்றார்.

பிறகு ஸ்பேனரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, "கேட்டுக்கிட்டீங்களா? வாங்க போலாம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், அதை அது இருந்த இடத்திலேயே இலையில் வைத்தார்.

டாக்டரம்மா அதற்குப் பிறகு பல வருஷம் அந்தக் காரை ஓட்டினார். நட்டை நான் மறுபடி இறுக்க நேரவே இல்லை. மேஸ்திரி இருந்தவரை ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் ஒரு ஸ்பேனரை இலைக்கு வெளியே வைத்தார். காரணம் யாருக்கும் சொன்னதில்லை, எனக்கு மட்டும் தெரியும். அவருக்குப் பிறகு நான் வைக்கிறேன்.

மறந்துவிட்டேன் என்று இனி எவனும் அதை எடுத்து இலையில் வைக்க வேண்டாம். அதற்கும் பொட்டு உண்டு. அன்று நம்மைத் தேடி யாரும் ஓடிவரவில்லை என்று பார்த்துவிட்டு, சாயங்காலம் நானே வைப்பேன்.